தத்தெடுத்த நாய் சிலர பாத்தா மட்டும் பாயுதா? அடிக்கடி கேக்கற கேள்விகள்

ப்ளூ கிராஸ் மாதிரி ஷெல்டர்ல இருந்தோ, தெருவுல இருந்து காப்பாத்தி வீட்ல வெச்சிருக்கற தன்னார்வலர் கிட்ட இருந்தோ, கொஞ்சம் வளந்த நாயா தத்தெடுத்தவங்க திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்க இதெல்லாம். நான் டாக்டர் இல்ல, ஆனா இப்படி வந்த நாய்ங்களோட தான் வாழறேன், சிலத கொஞ்ச காலம் வெச்சிருந்து வேற வீட்டுக்கும் அனுப்பியிருக்கேன். எனக்கு நாய் மேல எவ்ளோ பாசமோ அதே அளவுக்கு, கேட்டுக்கு வெளிய நிக்கற மனுஷன் கடி வாங்காம வீட்டுக்கு போகணும்னும் இருக்கு. அத மனசுல வெச்சிக்கிட்டு தான் பதில் எழுதியிருக்கேன்.

எங்க கிட்ட கொஞ்சிக்கிட்டே இருக்கு, ஆனா ஒரு சில ஆளுங்கள பாத்தா மட்டும் பாயுது. ஏன்?

பெரும்பாலும் பயம். பாக்க கோவம் மாதிரி தெரியும், பல்ல காட்டும், முடி சிலிர்க்கும், ஆனா உள்ள ஓடறது "நீ கிட்ட வராத"ன்ற ஒரே விஷயம் தான்.

நாய்க்குட்டிக்கு பொறந்த 3ஆவது வாரத்துல இருந்து சுமார் 14 வாரம் வரைக்கும் ஒரு காலம் இருக்கு, அப்போ எந்த மாதிரி ஆளுங்க, சத்தம், பொருள் எல்லாம் பயமில்லாம பழக்கமாகுதோ அதெல்லாம் அதுக்கு சாதாரணம்னு பதிஞ்சிடும், பழகாததெல்லாம் பின்னாடி சந்தேகம் தான். பெரம்பூர்ல ஒரு சந்துல பொறந்த குட்டி டீக்கடைக்கு வர்றவங்க, பூக்கார அம்மா, ஸ்கூல் பசங்க எல்லாரையும் பாத்திருக்கும், ஆனா முழு ஹெல்மெட்டும் ரெயின்கோட்டும் போட்ட ஒருத்தர் தன்னோட கதவு வரைக்கும் வந்து நின்னத பாத்திருக்காது. அது மேல அனுபவமும் சேரும். கருத்தடைக்காக நாய் வண்டி வந்து வலை போட்டு புடிக்கறது தேவையான வேலை, அந்த ஊழியர்கள நான் குத்தம் சொல்லல, ஆனா புடிபட்ட நாய்க்கு யூனிஃபார்ம், கைல நீளமா ஏதோ, வேகமா வர்ற ஆம்பளை, இந்த மூணும் சேந்து ஒரு படமா நிக்கும். அப்புறம் உங்க ஃப்ளாட் வாட்ச்மேன் கைல தடியோட வந்தா அதே படம் தான்.

இன்னொண்ணு இருக்கு, இத நெறைய பேர் கவனிக்கறதில்ல. நாய் குரைச்சுது, தண்ணி கேன் போடறவர் கேன வெச்சிட்டு போயிட்டார். அவர் எப்படியும் போகத்தான் போறார், ஆனா நாய் கணக்குல "நான் குரைச்சேன், ஆபத்து போயிடுச்சு". தினமும் இதே நடந்தா தினமும் அதுக்கு பாடம் பலமாகிட்டே போகும், போகப் போக குரைப்பு பாய்ச்சலா மாறலாம்.

அதனால "ஆம்பளைங்கன்னா ஆகாது"ன்னு மொத்தமா சொல்லாதீங்க, உக்காந்து எழுதிப் பாருங்க. யார், எங்க, எவ்ளோ தூரத்துல, தலையில கைல தோள்ல என்ன இருந்துச்சு. நான் பாத்த ஒரு செவலை நாய் கேன் போடற அண்ணன் கீழ வெறும் கையோட நின்னா வாலாட்டும், அவரே கேன தோள்ல தூக்கினா உருவம் மாறிடும், உடனே உறுமும். அது ஆளுக்கு பயப்படல, அந்த உருவத்துக்கு பயப்படுது. இது தெரிஞ்சா பழக்கறது எவ்ளோ சுலபமாகும்னு யோசிங்க.

அப்போ அத யாரோ அடிச்சிருக்காங்களா?

இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். பிறவியிலயே பயந்த சுபாவமுள்ள நாய்ங்க உண்டு, குட்டில ஆள் பழக்கமே இல்லாத நாய்ங்களும் அடி வாங்கின நாய் மாதிரியே பதுங்கும். பழைய கதை தெரியலைன்னாலும் செய்யற வேலை ஒண்ணு தான், அதனால அதுல நேரம் போக்க வேணாம்.

வந்த புதுசுல அமைதியா இருந்துச்சு, ஒரு மாசம் கழிச்சு தான் ஆரம்பிச்சுது. நாங்க கெடுத்துட்டோமா?

இல்ல. புது எடத்துல நாய் முதல்ல ஒடுங்கி தான் இருக்கும், அது அமைதி இல்ல, என்ன நடக்குதுன்னே புரியாம உறைஞ்சு போயிருக்கறது. நாய் வளக்கறவங்க மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம்னு ஒரு தோராய கணக்கு சொல்வாங்க, மூணு நாள்ல பதட்டம் கொறையும், மூணு வாரத்துல வீட்டு வழக்கம் புரியும், மூணு மாசத்துல இது நம்ம வீடுன்னு தோணும். வீடு தன்னோடதுன்னு ஆனப்புறம் தான் உள்ள இருந்த சுபாவம் வெளிய வரும். முதல் சில வாரம் சொந்தக்காரங்களயும் ஃப்ரெண்ட்ஸயும் கூப்ட்டு "வாங்க எங்க புது நாய பாருங்க"ன்னு காட்டாதீங்க, அதுக்கு தூக்கமும் ஒரு ஓரமும் ஒரே மாதிரி நேரத்துக்கு சாப்பாடும் போதும்.

முதல்ல என்ன செய்யணும்? ட்ரெயினரா டாக்டரா?

டாக்டர். வலி இருக்கற நாய் கடிக்கும். சென்னைல உண்ணிக் காய்ச்சல் ரொம்ப சகஜம், வெளிய ஒண்ணும் தெரியாது, சோர்வா இருக்கும், தொட்டா சீறும், ரத்தப் பரிசோதனைல தான் புடிபடும். காதுக்குள்ள புண்ணு, பல்லு, இடுப்பு மூட்டு, பழைய ஆக்சிடென்ட்ல ஒழுங்கா சேராத எலும்பு, எல்லாம் பாக்க சொல்லுங்க. வேப்பேரில 1903ல இருந்து நடக்கற மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரில பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, கூட்டம் இருக்கும், நாய்க்கு அந்த கூட்டமே பயமா இருக்கும், ஆட்டோலயோ கார்லயோ வெயிட் பண்ணிட்டு நம்பர் வர்றப்போ உள்ள போங்க.

ரேபிஸ் ஊசி போட்ட கார்டு கைல இருக்கணும், இல்லன்னா அன்னைக்கே போட்டுடுங்க. பழகின நாய் திடீர்னு ஆளே மாறி, தண்ணி முழுங்க முடியாம, காரணமே இல்லாம யார் மேலயும் பாயுதுன்னா அது பழக்க வழக்கப் பிரச்சனை இல்ல, கிட்ட போகாம அறைய சாத்திட்டு டாக்டருக்கு போன் பண்ணுங்க.

உறுமினா ஒண்ணு போடலாமா?

கூடாது. உறுமல் ஒரு எச்சரிக்கை. அத அடிச்சு நிறுத்தினா பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போயிடும், அப்புறம் "ஒரு சத்தமும் இல்லாம கடிச்சிடுச்சு"ன்னு சொல்வீங்க.

உறுமறதுக்கு முன்னாடியே நாய் பல தடவ சொல்லிடும், நாம தான் பாக்கறதில்ல. பசியில்லாம உதட்ட நக்கும், தூக்கம் இல்லாம கொட்டாவி விடும், மூஞ்சிய திருப்பிக்கிட்டு கண்ண மட்டும் ஓரமா வெச்சு பாக்கும் அப்போ கண்ணோட வெள்ளை தெரியும், காது பின்னாடி ஒட்டிக்கும், வாய் சட்டுனு மூடிக்கும், அப்புறம் ஒடம்பு மொத்தமா கல்லாகிடும். அந்த உறையற நொடி தான் ரொம்ப ஆபத்து. வாலாட்டுதேன்னு நம்பாதீங்க, வால் மேல தூக்கி வெறப்பா வேகமா ஆடினா அது சந்தோஷம் இல்ல. இதுல ஏதாவது ஒண்ணு பாத்தாலே தூரத்த அதிகமாக்குங்க, நாய கூட்டிட்டு நகருங்க, யார் என்ன நெனச்சாலும் பரவால்ல.

தண்ணி கேன், கேஸ் சிலிண்டர், டெலிவரி பசங்க தினமும் வர்றாங்க. இன்னைக்கு என்ன செய்யறது?

பழக்கறதுக்கு மாசக்கணக்கா ஆகும், அதுக்குள்ள யாரும் கடி வாங்கக் கூடாது, அதனால இந்த பதில் தான் இந்த பக்கத்துலயே முக்கியம்னு நெனைக்கறேன்.

பெல் அடிச்சா நாய் முதல்ல ஒரு ரூமுக்குள்ள, கதவு தாப்பா போட்டு, அப்புறம் தான் மெயின் டோர். ஒவ்வொரு தடவையும், அவசரமா இருந்தாலும். பெல் சத்தமே நாய ஏத்திவிடுதுன்னா பெல்ல கழட்டிட்டு "வந்ததும் போன் பண்ணுங்க"ன்னு கதவுல எழுதி ஒட்டுங்க, டெலிவரி ஆப்லயும் அதே குறிப்ப போடலாம். கேன் வர்ற நேரத்த பேசி வெச்சிக்கோங்க, காலைல ஏழரைக்கு வருவார்னா ஏழே காலுக்கு நாய் உள் ரூம்ல எலும்போ கடிக்கற பொம்மையோ வெச்சிக்கிட்டு இருக்கும். கேட்டும் கம்பிக் கதவும் இருக்கற தனி வீடுன்னா கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவுல நாய அவுத்து விடாதீங்க, கம்பி வழியா போறவங்கள பாத்து நாள் முழுக்க குரைச்சா பயம் இன்னும் முத்தும், கம்பி சந்துல கைய வெக்கற குழந்தைக்கும் ஆபத்து. ஃப்ளாட்ல பால்கனிக்கும் இதே தான், கீழ பாக்கற பக்கம் கண்ணு மறைக்கற மாதிரி ஒரு பாய கட்டுங்க.

சிலிண்டர் வர்றப்போ தனியா கவனிங்க. அந்த இரும்பு உருளற சத்தம் பல நாய்ங்களுக்கு ஆளவிட மோசம். அந்த நேரத்துல நாய மொட்டை மாடிக்கோ பின்பக்கமோ கூட்டிட்டு போயிடறது நல்லது.

அப்புறம் "ஒண்ணும் பண்ணாது, வாங்க வாங்க"ன்ற பேச்ச தயவுசெஞ்சு விட்டுடுங்க. வர்றவருக்கு பயமா இருக்குன்னா அவர் பயம் நியாயமானது. "எங்க நாய்க்கு யார் திருடன்னு தெரியும்"னு சிலர் பெருமையா சொல்வாங்க, கேக்கவே எனக்கு கஷ்டமா இருக்கும், ஏன்னா அது குரைக்கறது கேன் தூக்கறவர், குப்பை எடுக்க வர்ற அம்மா, பார்சல் கொண்டு வர்ற பையன், இவங்கள பாத்து தான், இவங்க எல்லாரும் கைல தோள்ல ஏதோ தூக்கிக்கிட்டு அவசரமா வர்றாங்க அதனால. நாய்க்கு அந்தஸ்து எல்லாம் தெரியாது. ஆனா கடி விழுந்தா கூலி போகறது அவங்களுக்கு, நாலு தடவ ஊசிக்கு லைன்ல நிக்கறதும் அவங்க.

வீட்டு வேலைக்கு வர்ற அக்காவ பாத்து தான் குரைக்குது, அவங்க தினமும் உள்ள வந்தாகணுமே?

அவங்க கிட்ட வெளிப்படையா சொல்லி, அவங்களுக்கு சம்மதம் இருந்தா மட்டும் பழக்குங்க. இல்லன்னா அவங்க இருக்கற நேரம் நாய் மூடின ரூம்ல, அவ்ளோ தான். பெரும்பாலும் தொடப்பமும் மாப்பும் தான் பிரச்சனையா இருக்கும், நீளக் கம்பு தரையில வேகமா நகரும். நீங்களே மாப்ப கைல எடுத்து, அசைக்காம வெச்சு, நாய்க்கு ட்ரீட் போட்டு பழக்க ஆரம்பிங்க.

சரி, எப்படி தான் பழக்கறது?

அடிப்படை ரொம்ப எளிமை, பொறுமை தான் கஷ்டம். பயமுறுத்தற ஆள் கண்ணுக்கு தெரிஞ்சா நல்ல சாப்பாடு வரும், ஆள் மறைஞ்சா சாப்பாடு நிக்கும். இத நாய் பதறாத தூரத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

முதல்ல சாப்பாடு. உலர்ந்த பிஸ்கட் பத்தாது, உப்பு மசாலா இல்லாம வேக வெச்ச சிக்கன், ஈரல், பனீர், இதுல எதுக்கு நாய் உயிர விடுமோ அது, சுண்டு விரல் நகம் அளவுக்கு சின்ன சின்னதா வெட்டி. வெங்காயம், திராட்சை, சாக்லேட் வேண்டவே வேணாம். அந்த சிக்கன வேற எதுக்கும் குடுக்காதீங்க, இதுக்கு மட்டும் தான் வரும்னு இருக்கட்டும்.

அப்புறம் தூரம். உங்க நாய் ஹெல்மெட் ஆள பாக்குது, காது நிமிருது, ஆனா உங்கள திரும்பி பாக்க முடியுது, சிக்கன வாங்கி சாப்பிட முடியுது, அது தான் உங்க ஆரம்ப தூரம். அது இருவது அடியா இருக்கலாம், தெருவோட அந்த முனையா கூட இருக்கலாம். சாப்பிடலைன்னா பசி இல்லன்னு அர்த்தம் இல்ல, ரொம்ப கிட்ட வந்துட்டீங்கன்னு அர்த்தம். ஒரு ஃப்ரெண்ட கூப்ட்டு ஹெல்மெட் போட சொல்லி தெரு முனையில நிக்க வைங்க. அவர் நாய பாக்கக் கூடாது, பக்கவாட்டா திரும்பி போன பாத்துக்கிட்டு நிக்கட்டும். நாய் அவர பாத்த அடுத்த நொடி சிக்கன், பாத்துக்கிட்டே இருக்கற வரைக்கும் ஒண்ணு ஒண்ணா, அவர் சுவத்துக்கு பின்னாடி போனா நிறுத்திடுங்க. வரிசை மாறக் கூடாது, ஆள் முதல்ல, சாப்பாடு அப்புறம். சிக்கன் பையில கைய விட்டப்புறம் ஆள் வந்தா, நாய் சிக்கன பாத்தாலே யாரோ வரப்போறாங்கன்னு பதற ஆரம்பிச்சிடும்.

அஞ்சு நிமிஷம் போதும் ஒரு நாளைக்கு. சில நாள்ல இல்ல சில வாரத்துல, ஆள பாத்ததும் நாய் உங்க மூஞ்சிய திரும்பி பாக்கும், "எங்க சிக்கன்"னு. அது வந்தா தான் ஒரு ரெண்டு அடி கிட்ட போகலாம். அப்புறம் அவர் நடக்கட்டும், அப்புறம் தோள்ல பை மாட்டட்டும், ஒரு சமயத்துல ஒண்ணே ஒண்ணு தான் மாத்தணும், தூரத்த கொறைச்சிட்டு அதே நேரத்துல அசைவையும் கூட்டாதீங்க. குரைச்சிடுச்சா, திட்டாதீங்க, பின்னாடி போங்க, அன்னைக்கு அவ்ளோ தான்.

முதல் நாள் ராத்திரி பட்டாசு சத்தம், காலைல டாக்டர் ஊசி, மதியம் புது ஆள் வீட்டுக்கு, இப்படி ஒரே நாள்ல அடுக்கடுக்கா வந்தா நேத்து பொறுத்துக்கிட்ட ஆள இன்னைக்கு பொறுக்காது. ஒடம்புல ஏறின பதட்டம் அடங்க ஒரு நாள் ரெண்டு நாள் கூட ஆகலாம், அந்த மாதிரி நாள்ல பயிற்சிய விட்டுட்டு தூங்க விடுங்க.

அந்த ஆள் கையாலயே பிஸ்கட் குடுக்க வெச்சா ஃப்ரெண்ட் ஆகிடாதா?

எல்லாரும் சொல்ற யோசனை, ஆனா பயந்த நாய்க்கு ஆபத்தானது. ஆசையில கழுத்த நீட்டி வரும், சாப்பிட்டு முடிக்கும், அப்போ தான் எவ்ளோ கிட்ட வந்துட்டோம்னு உணரும், அவர் கைய அசைச்சா கடிச்சிடும். சாப்பாடு உங்க கைல இருந்து வரட்டும். ரொம்ப நாள் பழகினப்புறம் அவர் குடுக்கணும்னா நாய்க்கு பின்னாடி போற மாதிரி தூக்கி போட சொல்லுங்க, நாய் அவர விட்டு விலகிப் போய் எடுக்கும், தூரமும் கெடைக்கும் சாப்பாடும் கெடைக்கும். குனியறது, தலைய தடவறது, கண்ணுக்குள்ள உத்து பாக்கறது எதுவும் வேணாம்.

ஊர்ல இருந்து மாமனார் ஒரு வாரம் வந்து தங்கறார். வேட்டி, கைத்தடி. நாய் அவர விடமாட்டேங்குது.

வர்றதுக்கு முன்னாடியே ஒரு வேட்டியும் ஒரு கம்பும் வெச்சு நீங்க நடந்து காட்டி சிக்கன் போட்டு பழக்குங்க. அவர் வந்த அன்னைக்கு முதல் சந்திப்பு வீட்டுக்குள்ள வேணாம், தெருவுல, அவர் முன்னாடி நடக்க நாய் கொஞ்சம் பின்னாடி லீஷ்ல, அதாவது புடிக்கற கயித்துல, நடந்து, எல்லாரும் ஒண்ணா வீட்டுக்குள்ள வரட்டும். அவர் சோஃபால உக்காந்திருக்கறப்போ ஒண்ணும் இருக்காது, எழுந்து நிக்கறப்போ தான் நாய் பாயும், இது ரொம்ப பேருக்கு நடக்கறது. அதனால எழுந்துக்கறதுக்கு முன்னாடி "மாமா சொல்லிட்டு எழுந்திருங்க"ன்னு கேட்டுக்கோங்க, நீங்க நாய அந்த பக்கம் கூப்ட்டுப்பீங்க. ராத்திரி அவர் பாத்ரூம் போற வழியில நாய் படுக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள்ள ரெண்டு பேரும் ஃப்ரெண்ட் ஆகணும்னு கட்டாயம் இல்ல, ஒரே வீட்ல கதவு வெச்சு நிம்மதியா இருந்தாலே போதும். பெரியவருக்கு மனசு கஷ்டமா இருக்கும், "உங்க தப்பு இல்ல, அதுக்கு கம்பு பயம்"னு சொல்லிடுங்க.

வாக்கிங் எப்போ, எப்படி?

காலைல அஞ்சு அஞ்சரை, இல்லன்னா ராத்திரி பத்துக்கு மேல. வெயில் காலத்துல தார் ரோடு கால சுடும், அதனாலயும் இது தான் சரி. கழுத்துல காலர் மட்டும் போட்டு இழுத்தா ஆள பாக்கறப்போ கழுத்து இறுகி வலிக்கும், அந்த வலியும் ஆளோட சேந்துக்கும், நெஞ்சுல மாட்டற ஹார்னஸ் போடுங்க, பலமான நாய்னா காலருக்கும் ஹார்னஸுக்கும் ரெண்டு லீஷ். நீட்டிக்கிட்டே போற சுருள் லீஷ் வேணாம்.

லிஃப்ட் தான் ஃப்ளாட்ல பெரிய சிக்கல், கதவு திறந்தா மூணு அடில ஒரு ஆள். முடிஞ்சா படிக்கட்டு, முடியலைன்னா லிஃப்ட் காலியா வர்ற வரைக்கும் விடுங்க, யாராவது ஏற வந்தா "அடுத்த தடவ வாங்க ப்ளீஸ்"னு சொல்றதுல தப்பே இல்ல. பெசன்ட் நகர் பீச்ல சாயங்காலம் கூட்டிட்டு போய் "எல்லாரோடயும் பழகட்டும்"னு நெனைக்காதீங்க, பயத்துல மூழ்கடிச்சா பயம் போகாது.

மசில், அதாவது கடிக்காம இருக்க நாய் வாய்ல மாட்டற கவசம், போடறது கொடுமை இல்லையா?

சரியான மசில் கொடுமை இல்ல. துணில இறுக்கமா வாய கட்டற மாதிரி வர்றது வேணாம், நாய் வாய திறந்து மூச்சு வாங்கி தான் சூட்ட கொறைக்கும், சென்னை வெயில்ல வாய கட்டினா உயிருக்கே ஆபத்து. கூடை மாதிரி வர்ற மசில் வாங்குங்க, அதுக்குள்ள வாய திறக்கலாம், தண்ணி குடிக்கலாம், ட்ரீட்டும் வாங்கிக்கலாம். முதல் நாளே மாட்டிடாதீங்க, கூடைக்குள்ள கொஞ்சம் தயிரோ பனீரோ வெச்சு அதுவா மூக்க விடட்டும், நாள் போகப் போக அதோட பட்டைய மாட்டுங்க. மசில் போட்ட நாயோட போனா ஜனங்க தானா ஒதுங்கி போறாங்க, அதுவே நாய்க்கு பெரிய நிம்மதி.

ட்ரெயினர் "நாய்க்கு நீங்க தான் லீடர்னு காட்டணும்"னு சொல்லி தரையில அமுக்கறார்.

அவர நிறுத்திடுங்க. கூட்டத்த அடக்கி ஆள்ற தலைவன் ஒண்ணு இருக்கும்ன்ற இந்த "ஆல்ஃபா" கதை 1940கள்ல, கூண்டுல அடைச்ச, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ஓநாய்ங்கள பாத்து எழுதினதுல இருந்து பரவினது. காட்ல ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அம்மா, அப்பா, குட்டிங்கன்னு ஒரு குடும்பம் தான்னு டேவிட் மீச்ன்ற ஆராய்ச்சியாளர் 1999லயே விளக்கி எழுதிட்டார், அவரே ஒரு காலத்துல அந்த வார்த்தைய பிரபலப்படுத்தினவர். நாய் உங்க வீட்டு தலைமைக்கு போட்டி போடல. ஷாக் காலர், முள்ளு காலர், தண்ணி ஸ்ப்ரே, செயின சுண்டறது, எல்லாமே குரைப்ப கொஞ்ச நாள் அமுக்கும், பயத்த கூட்டும். ட்ரெயினர எடுக்கறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க: "நாய் தப்பா செஞ்சா நீங்க என்ன செய்வீங்க?" தூரம், சாப்பாடு, பொறுமைன்னு பதில் வரணும். உங்க கண்ணு முன்னாடி தான் பழக்கணும், தனியா எங்கயோ வெச்சு பதினஞ்சு நாள்ல சரி பண்ணி தரேன்னா வேணாம்.

மருந்து?

சில நாய்ங்களுக்கு பயம் இவ்ளோ அதிகமா இருக்கும், எந்த தூரத்துலயும் கத்துக்க முடியாது. அதுக்கு கால்நடை டாக்டர் பாத்து ஃப்ளூவாக்ஸட்டின் மாதிரி மருந்து எழுதுவார், முழு பலன் தெரிய நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும், மருந்தோட பயிற்சியும் சேந்து தான் வேலை செய்யும். நாய்க்கு மருந்து குடுக்கறது உங்க தோல்வி இல்ல. நீங்களா மெடிக்கல்ல வாங்கி மனுஷ மாத்திரை எதுவும் குடுக்காதீங்க, திடீர்னு நிறுத்தவும் செய்யாதீங்க.

கருத்தடை பண்ணா அடங்கிடுமா?

பயத்துனால வர்ற கோவம் அதுல அடங்காது. ஷெல்டர் நாய்க்கு பெரும்பாலும் ஏற்கனவே பண்ணியிருப்பாங்க, காது நுனி வெட்டியிருக்கான்னு பாருங்க. பண்ணலைன்னா வேற நல்ல காரணங்களுக்காக பண்ணுங்க.

கடிச்சிடுச்சு. இப்போ?

நாய ரூம்ல விட்டு பூட்டுங்க. கடிபட்டவர குழாயடிக்கு கூட்டிட்டு போய் சோப்பு போட்டு ஓடற தண்ணில 15 நிமிஷம் கழுவுங்க, கடிகாரத்த பாத்து. மஞ்சள், காப்பித் தூள், சுண்ணாம்பு எதுவும் வெக்காதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரி, நீங்களே கூட போங்க. அரசு ஆஸ்பத்திரில ஊசி இலவசம், தோல்ல போடற முறைன்னா 0, 3, 7, 28ஆம் நாள். ரத்தம் வர்ற கடின்னா காயத்தை சுத்தி இம்யூனோகுளோபுலினும், அதாவது ரேபிஸ் கிருமிய உடனே எதிர்க்கற மருந்தும், போடணும், அத கேட்டு வாங்குங்க. "எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கு"ன்னு சொல்லி அவர ஊசி போடாம விட்டுடாதீங்க, அத டாக்டர் முடிவு பண்ணட்டும், ரேபிஸ் அறிகுறி வந்துட்டா காப்பாத்த முடியாது. நாய 10 நாள் கண்காணிக்கணும், ஆனா அந்த 10 நாள் முடியட்டும்னு ஊசிய தள்ளிப் போடக் கூடாது.

செலவும் அவர் வேலைக்கு போகாத நாள் கூலியும் உங்க பொறுப்பு, அவர் கேக்கறதுக்கு முன்னாடி குடுங்க. சட்டமும் இருக்கு, நாய கவனக் குறைவா வெச்சிருந்து ஆபத்து வந்தா பாரதிய நியாய சன்ஹிதா 291ஆவது பிரிவுல 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 5,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். 2024 மே மாசம் ஆயிரம் விளக்கு பக்கம் ஒரு கார்ப்பரேஷன் பார்க்ல 5 வயசு குழந்தைய ரெண்டு ராட்வீலர் கடிச்சதுக்கு அப்புறம் ஊர்ல கெடுபிடி அதிகம், இருக்கறதும் சரி தான். கார்ப்பரேஷன் லைசென்ஸ் எடுத்து வெச்சிக்கோங்க, அதுக்கு ரேபிஸ் ஊசி சான்றிதழ் கேப்பாங்க.

அசோசியேஷன்ல நாய வெளிய அனுப்ப சொல்றாங்க.

நாய் வளக்கக் கூடாதுன்னு மொத்தமா தடை போட அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லன்னு விலங்குகள் நல வாரியத்தோட வழிகாட்டுதல் சொல்லுது. ஆனா அந்த பேப்பர தூக்கி காட்டி சண்டை போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், நாய் யாரையாவது பாஞ்சிருந்தா அவங்க பயம் நிஜம். மீட்டிங்குக்கு போங்க, மசில் போடறோம், இந்த நேரத்துக்கு தான் கீழ வருவோம், படிக்கட்டு தான் உபயோகிப்போம், டாக்டர பாத்துட்டு இருக்கோம்னு எழுதியே குடுங்க, எழுதினபடி நடங்க. வாட்ச்மேன் அண்ணன் கிட்ட தனியா பேசுங்க, நாய் கீழ வர்றப்போ தடிய சேருக்கு பின்னாடி வெச்சிட சொல்லி கேட்டா பெரும்பாலும் ஒத்துப்பாங்க.

குழந்தைங்கள பாத்தா உறுமுது.

பயிற்சி எல்லாம் அப்புறம், முதல்ல பிரிச்சு வைங்க. குழந்தை திடீர்னு ஓடும், கத்தும், கட்டிப் புடிக்கும், மூஞ்சி நாயோட வாய் உயரத்துல இருக்கும். பெரியவங்க ஒருத்தர் நாய மட்டும், இன்னொருத்தர் குழந்தைய மட்டும் பாத்துக்கலைன்னா ஒரே ரூம்ல விடக் கூடாது, போன நோண்டிக்கிட்டு பாக்கறது கணக்குல வராது. இதுக்கு கண்டிப்பா நல்ல பிஹேவியரிஸ்ட், அதாவது நாயோட பழக்க வழக்கப் பிரச்சனைய பாக்கற நிபுணர், வேணும், தனியா முயற்சி பண்ணாதீங்க.

எப்போ முழுசா சரியாகும்?

முழுசா போகாமலும் இருக்கலாம். நான் பாத்த பெரும்பாலான நாய்ங்க வீட்டுக்கு அடிக்கடி வர்ற ஏழெட்டு பேர ஏத்துக்கும், தெருவுல போறவங்கள கண்டுக்காம நடக்கும், ஆனா புது ஆள் வீட்டுக்குள்ள நுழைஞ்சா இன்னமும் ரூமுக்கு போகணும். அது கெட்ட வாழ்க்கை இல்ல. தீபாவளி வாரம், ஆடி மாசம் தெரு முழுக்க ஸ்பீக்கர் கட்டற நாள், இதெல்லாம் கொஞ்சம் பின்னாடி இழுக்கும், அடங்கினதும் விட்ட எடத்துல இருந்து தொடரலாம்.

எங்களால முடியல. திருப்பி குடுக்கலாமா?

குடுக்கலாம். வீட்ல கைக்குழந்தை, வாடகை வீடு, நாள் முழுக்க வேலை, இப்படி இருந்தா நீங்க எவ்ளோ ஆசைப்பட்டாலும் இந்த நாய்க்கு உங்க வீடு சரிப்படாம போகலாம். எடுத்த ஷெல்டருக்கோ தன்னார்வலருக்கோ முதல்ல போன் பண்ணுங்க, எடம் கெடைக்க சில வாரம் ஆகும், அது வரைக்கும் மேல சொன்ன கதவும் மசிலும். ஈசிஆர்ல இறக்கிவிட்டு வர்றது, பீச் பக்கம் விடறது, இதெல்லாம் 1960 மிருக வதை தடுப்புச் சட்டப்படி குத்தம், வீட்டு நாய் அங்க ஒரு வாரம் தாங்காது.

குடுக்கறப்போ ஒண்ணு மட்டும் மறைக்காதீங்க. யார யார பாத்து பாயும், எத்தன அடில ஆரம்பிக்கும், கடிச்சிருக்கா, ரத்தம் வந்துச்சா, எந்த ட்ரீட் புடிக்கும், என்ன மருந்து எவ்ளோ நாளா, எல்லாத்தயும் ஒரு பேப்பர்ல எழுதி ஊசி கார்டோட குடுங்க. "நல்ல நாய், எல்லாரோடயும் பழகும்"னு சொல்லி அனுப்பினா அடுத்த வீட்ல முதல் வாரமே யாரோ கடி வாங்குவாங்க, அப்புறம் அந்த நாய எடுத்துக்க யாருமே வரமாட்டாங்க.